குண்டர் சட்டத்தில் ஆணை வந்தால் குடும்பத்தார் செய்ய வேண்டியவை: டெல்டா மாவட்டங்களுக்கான வழிகாட்டி

கொள்ளிடத்தில் இரவோடு இரவாக மணல் அள்ளியவர், காரைக்காலிலிருந்து மதுப் பாட்டில்களைக் கடத்தி வந்தவர், கும்பகோணத்துக் கடைத்தெருவில் அரிவாளைக் காட்டி மாமூல் கேட்டவர் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பேர் மீதும் காவல் துறை இறுதியாகக் கையில் எடுப்பது ஒரே சட்டத்தைத்தான். ஊரில் ‘குண்டாஸ் போட்டுவிட்டார்கள்’ என்று சொல்லப்படும் அந்த ஆணை வீட்டுக்குத் தெரியவரும் நாளில், பெரும்பாலான குடும்பங்கள் முதலில் ஓடுவது தெரிந்த கட்சிக்காரரிடமோ காவல் நிலையத்துக்கோதான். இரண்டு இடத்திலும் அந்த ஆணையை மாற்றும் அதிகாரம் இல்லை. யாரிடம், எந்தத் தேதிக்குள், என்ன காகிதத்தோடு போக வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. ஆணைக்கு உள்ளானவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதைப் பற்றி இங்கே பேச்சில்லை; அதை வழக்கு விசாரணை செய்யும் நீதிமன்றம் தனியே முடிவு செய்யும்.

தண்டனை வேறு, தடுப்புக் காவல் வேறு

முதலில் இரண்டு சட்டங்களைப் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒரே ஆள் மீது ஒரே மாதத்தில் வரக்கூடும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆம் பிரிவு, திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கான தண்டனைப் பிரிவாகும். ஆள் கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், நில அபகரிப்பு, கூலிக்குக் கொலை செய்தல், போதைப்பொருள் கடத்தல் போன்றவற்றை இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கும்பலாகச் சேர்ந்து, வன்முறையாலோ மிரட்டலாலோ ஆதாயத்துக்காகத் தொடர்ந்து செய்தால் அந்தப் பிரிவு பொருந்தும். உயிரிழப்பு நேர்ந்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனையும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதமும், மற்றபடி குறைந்தது 5 ஆண்டிலிருந்து ஆயுள் வரை சிறையும் குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். கும்பலில் உறுப்பினராக இருந்தாலே இந்த இரண்டாவது தண்டனை உண்டு. அடைக்கலம் கொடுத்தவருக்குக் குறைந்தது 3 ஆண்டு. கணவனுக்கு மனைவியோ மனைவிக்குக் கணவனோ அடைக்கலம் கொடுத்தால் மட்டும் அந்தக் குற்றம் இல்லை. தாய்க்கும் அண்ணன் தம்பிக்கும் அந்த விலக்கு கிடையாது என்பதைத் தலைமறைவாக இருப்பவரின் வீட்டார் மனத்தில் வைக்க வேண்டும்.

இந்தப் பிரிவைச் சேர்ப்பதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. 3 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய, காவல் துறை நேரடியாகக் கைது செய்யத்தக்க குற்றங்களுக்காக, கடந்த 10 ஆண்டுகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி, அவற்றை நீதிமன்றம் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை மட்டும் பல இருந்தால் போதாது. ஆகவே 111 சேர்க்கப்பட்டிருந்தால், பழைய வழக்குகள் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அந்தந்த நீதிமன்றத்தில் பார்த்து எழுதி வைப்பது முதல் வேலை. திருட்டு, செயின் பறிப்பு, சூதாட்டம், தேர்வு வினாத்தாள் விற்பனை போன்றவற்றைக் கும்பலாகச் செய்வதற்கு 112-ஆம் பிரிவு தனியே உள்ளது. அதில் தண்டனை 1 முதல் 7 ஆண்டு வரை.

குண்டர் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14 இதிலிருந்து முற்றிலும் வேறானது. மகாராஷ்டிரம் 1999-இல் திட்டமிட்ட குற்றங்களுக்கென்று தண்டனைச் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது. தமிழ்நாட்டின் கைவசம் இருப்பதோ தடுப்புக் காவல் சட்டம். இது நடந்த குற்றத்துக்குத் தண்டனை தருவதில்லை. இனிமேல் பொது ஒழுங்குக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்ற அனுமானத்தில் ஒருவரை விசாரணையின்றி அதிகபட்சம் 12 மாதம் சிறையில் வைக்கிறது. கள்ளச் சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, வனக் குற்றவாளி, குண்டர், மணல் குற்றவாளி, பாலியல் குற்றவாளி, இணையவழிக் குற்றவாளி என இதன் பட்டியல் ஆண்டுக்காண்டு நீண்டுகொண்டே வந்திருக்கிறது. சாட்சி விசாரணை இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, ஜாமீன் என்ற பேச்சே இல்லை. இவ்வளவு கடுமையான அதிகாரத்தைக் கொடுத்ததாலேயே அதைப் பயன்படுத்தும் முறையில் சட்டமும் அரசமைப்பின் 22-ஆவது பிரிவும் கறாரான காலக்கெடுக்களை வைத்துள்ளன. குடும்பத்தாரின் கையில் இருக்கும் பிடி அந்தக் காலக்கெடுக்கள்தான்.

ஆணை யாரிடமிருந்து வருகிறது

திருச்சி மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் கையெழுத்திடுவார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியர் பிறப்பிப்பார். காவல் ஆய்வாளர் பழைய வழக்குகளையும் கடைசி வழக்கையும் தொகுத்து உறுதிமொழி ஆவணத்தோடு பரிந்துரைப்பார். அது காவல் கண்காணிப்பாளர் வழியாக ஆட்சியரிடம் போகும். பழைய வழக்குகளை ‘அட்வர்ஸ் கேஸ்’ என்றும், ஆணைக்கு நேரடிக் காரணமான கடைசி வழக்கை ‘கிரவுண்ட் கேஸ்’ என்றும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சொல்வார்கள். இந்த இரண்டு சொற்களும் இனி அடிக்கடி காதில் விழும்.

பெரும்பாலும் ஆணை பிறப்பிக்கப்படும்போது ஆள் ஏற்கெனவே கிரவுண்ட் கேஸில் ரிமாண்ட் ஆகிக் கிளைச் சிறையிலோ மத்திய சிறையிலோ இருப்பார். ஆணை அங்கேயே அவரிடம் சார்வு செய்யப்படும், அதாவது முறைப்படி கையில் கொடுக்கப்படும். கிளைச் சிறையில் இருப்பவரைத் திருச்சி மத்திய சிறை போன்ற மத்திய சிறைக்கு மாற்றுவதும் உடன் நடக்கும். குடும்பத்துக்குச் செய்தி வருவது இதற்குப் பிறகுதான். ஆணை சார்வு செய்யப்படாமல் ஆள் வெளியே இருந்தால், ஓடி ஒளிவதால் பயன் எதுவும் இல்லை. பிடிபடும் நாளிலிருந்துதான் 12 மாதக் கணக்கு தொடங்கும்.

முதல் வாரம்: புக்லெட்டைக் கைப்பற்றுங்கள்

ஆணையோடு காவலுக்கான காரணங்களும், அந்தக் காரணங்களுக்கு ஆதாரமாக ஆட்சியர் பார்த்த எல்லா ஆவணங்களும் ஒரு தொகுப்பாகக் கட்டித் தரப்படும். வழக்கறிஞர்கள் ‘புக்லெட்’ என்பது இதைத்தான்; நூறு பக்கத்தைத் தாண்டுவதும் உண்டு. காவல் தொடங்கிய நாளிலிருந்து 5 நாளுக்குள் இதைத் தந்தாக வேண்டும் என்று சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. தருவது காவலில் இருப்பவரிடம், குடும்பத்திடம் அல்ல. ஆகவே சிறைக்குப் போய் மனுப் போட்டு அவரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி சாப்பாடு எப்படி என்பது அல்ல, புக்லெட் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கையில் கொடுக்கப்பட்டது, கையெழுத்து வாங்கியபோது எல்லாப் பக்கமும் இருந்ததா என்பவையே. சிறை நிர்வாகத்தின் வழியாக அதை வெளியே வாங்கி, ஒரு முழு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை அவரிடமே இருக்க விடுங்கள். நகல் எடுக்கும்போது மங்கலான பக்கங்களைச் செல்பேசிச் செயலிகளில் தெளிவாக்க முயலாதீர்கள். மங்கலாக இருப்பதே பிற்பாடு உங்களுக்கு உதவும்.

வீட்டில் ஒரு கோடு போட்ட நோட்டில் ஐந்து தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கைது நடந்த நாள், ஆணை கையெழுத்தான நாள், ஆணை சார்வான நாள், புக்லெட் கிடைத்த நாள், ஆணையை எதிர்த்து நீங்கள் முறையீடு அனுப்பிய நாள். இவற்றிலிருந்துதான் எல்லாக் கணக்கும் பிறக்கிறது, எல்லாக் கணக்கும் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆணை ஒரு மாதத்தின் 3-ஆம் தேதி கையெழுத்தாகி 5-ஆம் தேதி சிறையில் சார்வு செய்யப்பட்டதாக வைத்துக்கொள்வோம். காரணங்களைத் தருவதற்கான 5 நாள், காவல் தொடங்கிய 5-ஆம் தேதியிலிருந்து எண்ணப்படும். மாநில அரசு ஆணைக்கு ஒப்புதல் தருவதற்கான 12 நாளோ ஆணை பிறப்பிக்கப்பட்ட 3-ஆம் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்; அதற்குள் அரசின் ஒப்புதல் இல்லையென்றால் ஆணை தானாகவே செல்லாமல் போகும். ஆணையைப் பரிசீலிக்கும் மூவர் குழுவான அறிவுரைக் கழகத்தின் முன் கோப்பை வைக்க 3 வாரம், கழகம் தன் கருத்தைச் சொல்ல 7 வாரம். இவை இரண்டும் காவல் தொடங்கிய நாளிலிருந்து.

புக்லெட்டை எப்படிப் படிப்பது

இந்த வேலையை வழக்கறிஞர்தான் செய்ய வேண்டும் என்று விட்டுவிடாமல், வீட்டில் நன்றாகத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், கல்லூரியில் படிக்கும் பிள்ளையாக இருந்தாலும் சரி, இரண்டு நாள் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து. வழக்கறிஞர் சட்டம் அறிந்தவர். ஆனால் அட்வர்ஸ் கேஸ் மூன்றில் ஒன்று போன வருடமே விடுதலையில் முடிந்தது என்பதோ, கிரவுண்ட் கேஸ் நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில் அந்தத் தெருவில் கடையே கிடையாது என்பதோ வீட்டாருக்குத்தான் தெரியும்.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது மொழி. காவலில் இருப்பவருக்குத் தமிழ் மட்டுமே தெரியுமானால், ஆட்சியர் ஆதாரமாகக் கொண்ட ஒவ்வோர் ஆங்கில ஆவணத்துக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு புக்லெட்டில் இருக்க வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த ஒரு பெண்ணுக்கு ரிமாண்ட் உத்தரவின் தமிழாக்கம் தரப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, இதே சட்டத்தின் கீழான ஆணையை உச்ச நீதிமன்றம் 1999-இல் ரத்து செய்திருக்கிறது. மொழிபெயர்ப்பு இருந்தாலும், ஆங்கிலப் பக்கத்தையும் தமிழ்ப் பக்கத்தையும் அருகருகே வைத்துக் குற்ற எண், தேதி, சட்டப் பிரிவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு குற்ற எண்ணும் தமிழில் வேறொன்றும் இருந்தால் அந்தப் பக்க எண்ணை நோட்டில் குறியுங்கள். படிக்க முடியாத பக்கங்களையும், முதல் பாதி இருந்து மறுபாதி விடுபட்ட ஆவணங்களையும் அப்படியே பக்க எண்ணோடு குறியுங்கள். கைது பற்றிய தகவல் குடும்பத்தில் யாருக்கு, எந்த முறையில் சொல்லப்பட்டது என்பதற்கான ஆவணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். செல்பேசி வழியாகச் சொன்னதாக எழுதியிருந்தால் அந்த எண் உண்மையில் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள்.

இரண்டாவது, ஜாமீன் பற்றிய பத்தி. ஏற்கெனவே சிறையில் இருப்பவரைத் தடுப்புக் காவலில் வைக்க வேண்டுமானால், அவர் விரைவில் ஜாமீனில் வெளிவர உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறது என்று ஆட்சியர் ஆதாரத்தோடு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ‘இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் ஜாமீன் தருகின்றன’ என்று பொதுவாக எழுதினால் போதாது என்பதை, ரேகா எதிர் தமிழ்நாடு அரசு என்ற 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது அந்த வாய்ப்பைச் சும்மா ஊகிக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. இதற்காகவே இப்போதைய ஆணைகளில் ‘ஒத்த வழக்கு’ என்று வேறொருவருக்கு ஜாமீன் கிடைத்த உத்தரவைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஒத்த வழக்கை எடுத்துப் பாருங்கள். கிரவுண்ட் கேஸ் கொலை முயற்சியாகவும் ஒத்த வழக்கு வெறும் மிரட்டலாகவும் இருந்தால், அல்லது அதில் ஜாமீன் பெற்றவருக்குப் பழைய வழக்கே இல்லாமல் இருந்தால், அது ஒத்த வழக்கு அல்ல.

மூன்றாவது, பொது ஒழுங்கு. சட்டம் ஒழுங்குக்குக் கேடு என்பதும் பொது ஒழுங்குக்குக் கேடு என்பதும் ஒன்றல்ல என்பது அருண் கோஷ் வழக்கு முதலாக உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் செய்தி. வரப்புத் தகராறில் பங்காளியை மண்வெட்டியால் வெட்டியது கொடிய குற்றமே. ஆனாலும் அது அந்த இரண்டு வீட்டோடு நிற்பதால், ஊரின் அன்றாட வாழ்க்கை குலைந்ததாகாது. அதற்குச் சாதாரணக் குற்றவியல் சட்டம் போதும். ஆணைகளிலோ, எந்த ஊராக இருந்தாலும், பட்டாக்கத்தியைச் சுழற்றியதாகவும், வியாபாரிகள் அவசர அவசரமாக ஷட்டரை இறக்கியதாகவும், பொதுமக்கள் உயிருக்குப் பயந்து சிதறி ஓடியதாகவும், போக்குவரத்து தடைப்பட்டதாகவும் நான்கு வாக்கியங்கள் தவறாமல் இடம்பெறும். பல ஆணைகளை அடுத்தடுத்துப் படித்தவர்களுக்கு அந்த நான்கு வாக்கியங்களும் மனப்பாடமே ஆகியிருக்கும். கிரவுண்ட் கேஸின் புகாரிலும் சாட்சி வாக்குமூலங்களிலும் அவை உண்மையில் இருக்கின்றனவா, அல்லது காரணங்கள் எழுதியபோது சேர்ந்துகொண்டனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரவு 2 மணிக்கு ஆற்றுத் துறையில் மாட்டுவண்டியில் மணல் ஏற்றியபோது பிடிபட்டவரின் ஆணையில் வியாபாரிகள் ஷட்டரை இறக்கினார்கள் என்று இருந்தால், அதை உயர் நீதிமன்றத்தில் சொல்வதற்குப் பெரிய வாதத் திறமை தேவையில்லை.

நான்காவது, தாமதம். கிரவுண்ட் கேஸில் கைதான நாளுக்கும் ஆணை பிறந்த நாளுக்கும் இடையே காரணம் சொல்லப்படாத நீண்ட இடைவெளி இருந்தால், சம்பவத்துக்கும் காவலின் தேவைக்கும் உள்ள உயிர்த்தொடர்பு அறுந்துவிட்டது என்று வாதிடலாம். திரிபுரா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அட்வர்ஸ் கேஸ்கள் எல்லாம் பல ஆண்டு பழையவை என்றாலும் இதே வகை வாதம் உண்டு. அவற்றில் விடுதலையான வழக்கு இருந்து, அந்தத் தீர்ப்பு ஆட்சியர் முன் வைக்கப்படவில்லையானால், அவர் முழு விவரத்தையும் மனத்தில் கொள்ளாமல் கையெழுத்திட்டார் என்பதற்கு அது சான்று. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

முறையீடு எழுதுதல்

முறையீடு அனுப்புவது சலுகை கேட்பது அல்ல. அரசமைப்பின் 22-ஆவது பிரிவின் 5-ஆம் உட்பிரிவு தரும் உரிமை. மூன்று இடங்களுக்கு அனுப்ப வேண்டும். ஆணை பிறப்பித்த ஆட்சியருக்கு அல்லது ஆணையருக்கு. சென்னை 600 009, தலைமைச் செயலகம், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் செயலாளருக்கு. அறிவுரைக் கழகத் தலைவருக்கு. இவற்றில் ஆட்சியருக்கு அனுப்புவது அரசு ஒப்புதல் தரும் வரைதான் பயன்தரும், ஆகவே புக்லெட் கைக்கு வந்த மறுநாளே அது போக வேண்டும். அரசுக்கான முறையீட்டை இன்னும் சில நாள் எடுத்துக்கொண்டு நன்றாகப் படித்து எழுதலாம்; மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

காவலில் இருப்பவரே எழுதிச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்பலாம். தாயோ மனைவியோ தம் பெயரில் அனுப்பலாம். அஞ்சலில் ஒப்புகை வரும்படி அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ‘ஐயா, என் மகன் அப்பாவி, எங்களுக்கு அவனை விட்டால் நாதியில்லை’ என்ற கண்ணீர்க் கடிதத்தால் சட்டப்படி எந்தப் பயனும் விளையாது. எழுதும் முறை இப்படி இருக்கலாம்:

‘மேற்படி ஆணையுடன் தரப்பட்ட ஆவணத் தொகுப்பின் 41, 42, 67 ஆகிய பக்கங்கள் படிக்க இயலாத நிலையில் உள்ளன. 55-ஆம் பக்கத்தில் உள்ள ரிமாண்ட் உத்தரவுக்குத் தமிழாக்கம் தரப்படவில்லை. என் மகனுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். மேற்படி பக்கங்களின் தெளிவான நகல்களையும் தமிழாக்கத்தையும் உடனடியாக வழங்குமாறும், அவை இல்லாமையால் பயனுள்ள முறையீடு செய்யும் உரிமை பறிக்கப்பட்டுள்ளதைக் கருதி ஆணையைத் திரும்பப் பெறுமாறும் வேண்டுகிறேன்.’

இவ்வளவு போதும். பக்க எண்கள் உங்கள் புக்லெட்டுக்கு ஏற்ப மாறும். மற்றபடி அலங்காரம் எதுவும் வேண்டாம்.

அரசு இந்த முறையீட்டை உடனுக்குடன் பரிசீலிக்கக் கடமைப்பட்டது. முறையீடு வந்த நாள், ஆட்சியரிடம் குறிப்புரை கேட்ட நாள், அது வந்து சேர்ந்த நாள், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், அமைச்சர் ஆகியோர் மேசைகளில் கோப்பு இருந்த நாள்கள் எனப் பின்னர் உயர் நீதிமன்றத்தில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்கப்படும்; சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கழித்து மீதி நாள்களுக்கு விளக்கம் இல்லையென்றால் அதுவே ஆணையை வீழ்த்தப் போதும். ராஜம்மாள் வழக்கு என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் தீர்ப்பில், அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்ற விளக்கத்தைச் சில நாள் தாமதத்துக்கே உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. முறையீடே அனுப்பாதவருக்கு இந்த வாதம் கிடையாது. இதனால்தான் அஞ்சல் ரசீது புக்லெட்டுக்கு நிகரான ஆவணம் என்கிறேன்.

அறிவுரைக் கழகம்

உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் அல்லது அதற்குத் தகுதி உடையவர் என்ற நிலையில் உள்ள மூவரைக் கொண்டது இந்தக் கழகம். வழக்கறிஞர் இங்கே வாதாட முடியாது. காவலில் இருப்பவர் தாமே பேச வேண்டும். வழக்கறிஞர் அல்லாத நண்பர் அல்லது உறவினரின் உதவியைக் கேட்டுப் பெறலாம். பேசத் தயங்குபவராக இருந்தால் மூன்று நான்கு வாக்கியங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பழக்குங்கள். போதிய காரணம் இல்லை என்று கழகம் கருதினால் அரசு விடுவித்தே ஆக வேண்டும். ஆனால் எல்லா நம்பிக்கையையும் இங்கே வைக்க வேண்டாம்.

ஆட்கொணர்வு மனு: மதுரைக்கா சென்னைக்கா

ஒருவரைக் காவலில் வைத்திருப்பது சட்டப்படியானதா என்று பார்த்து அவரை விடுவிக்கும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்பதே ஆட்கொணர்வு மனு. தஞ்சாவூர், திருச்சி மாவட்ட ஆணைகளுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆணைகளுக்குச் சென்னை. கும்பகோணத்துக்காரர் ஒருவர் மீது பக்கத்திலிருக்கும் குடவாசல் காவல் நிலைய வழக்கை வைத்துத் திருவாரூர் ஆட்சியர் ஆணை பிறப்பித்தால், வீடு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக மதுரைக்குப் போய்ப் பேருந்துக் கட்டணத்தை வீணாக்க வேண்டாம். ஆணையில் கையெழுத்திட்டவர் யார் என்பதை முதலில் பாருங்கள்.

அரசமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் தாக்கலாகும் இந்த மனுவை இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். மனைவி, தாய், தந்தை, உடன்பிறந்தவர் என நெருங்கியவர் யாரும் மனுதாரராகலாம். அரசுச் செயலாளர், ஆட்சியர் அல்லது ஆணையர், சிறைக் கண்காணிப்பாளர், காவல் ஆய்வாளர் எதிர்மனுதாரர்கள். வழக்கறிஞரிடம் போகும்போது ஆணை, புக்லெட் நகல், முறையீட்டின் நகல், அஞ்சல் ரசீது, மனுதாரரின் அடையாள அட்டை, நீங்கள் பக்க எண்ணோடு எழுதிய நோட்டு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். அறிவுரைக் கழகத்தின் முடிவு வரட்டும் என்று காத்திருக்கச் சொல்வோர் உண்டு. அப்படிக் காத்திருக்கச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. மனுக்கள் வரிசையில் நின்றுதான் விசாரணைக்கு வருகின்றன, 12 மாதமும் கழிந்தபின் வரும் வெற்றியால் யாருக்கும் பயனில்லை.

பணம் இல்லையென்றால் இங்கே நின்றுவிட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதே உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ, உங்கள் வட்ட நீதிமன்றத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவிலோ மனுக் கொடுத்தால், உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்கு அனுப்பிவைப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மறுபுறம், சிறை வாசலிலும் நீதிமன்ற டீக்கடையிலும் ‘கோட்டையில் ஆள் இருக்கிறது, குண்டாஸை உடைத்துத் தருகிறேன்’ என்று நெருங்கி வருபவர்களிடம் தாலிச் செயினை அடகு வைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

இந்த ஆணைகளில் கணிசமானவை காகிதக் குறைகளால் விழுகின்றன என்பது நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரியும். மாமூல் கொடுத்து நொந்துபோன கடைக்காரருக்கு இது எரிச்சலைத் தரலாம், அந்த எரிச்சல் நியாயமானதே. ஆனால் அவர் கோபப்பட வேண்டியது குறையைச் சுட்டிக்காட்டும் தாயின் மீதல்ல. முன்பே அச்சிட்டு வைத்தது போன்ற வாக்கியங்களோடு ஆணையைத் தயாரித்து, உண்மையான ரவுடியையும் ஆறே மாதத்தில் வெளியே வரச் செய்யும் அலட்சியத்தின் மீது.

ஜாமீனும் விடுதலையும்

குடும்பங்கள் மிகவும் குழம்பும் இடம் இது. ஆட்கொணர்வு மனுவில் ஆணை ரத்தானால், ‘வேறு வழக்கில் காவல் தேவைப்படாவிட்டால் விடுவிக்க’ என்றே உத்தரவு வரும். கிரவுண்ட் கேஸிலும் மற்ற வழக்குகளிலும் ஜாமீன் பெற்றிருக்காவிட்டால் ஆள் வெளியே வர மாட்டார். ஆகவே தடுப்புக் காவல் நடக்கும்போதே வழக்கு வாரியாக ஜாமீன் நிலவரத்தை எழுதி, எது பாக்கி என்று பார்த்து மனுப் போட வேண்டும். ஜாமீன் மனுவை எப்போது போடுவது என்பதை மட்டும் ஆட்கொணர்வு மனுவை நடத்தும் வழக்கறிஞரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே பார்த்த ஜாமீன் வாய்ப்பு வாதத்தை அது பாதிக்கலாம். குற்றப்பத்திரிகை குறிப்பிட்ட 60 அல்லது 90 நாளுக்குள் தாக்கலாகவில்லையென்றால் கிடைக்கும் ஜாமீன் உரிமையும் தடுப்புக் காவலில் இருப்பவருக்கு உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பிணைதாரர்கள் இருவர், அவர்களின் சொத்துக்கான ஆவணம், கிராம நிர்வாக அலுவலர் சான்று ஆகியவற்றையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். குறுவை அறுவடை நேரத்தில் ஒரு சான்றுக்காகப் பிணைதாரரை நான்கு நாள் அலையவைத்தால் அவர் மனம் மாறிவிடுவார்.

ரத்து உத்தரவின் நகல் சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதன்பின் திருச்சிக்குப் புறப்படுங்கள். வெளியே வந்தவுடன் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து நன்னடத்தைப் பிணைக்கான அழைப்பாணை வருவது வழக்கம். அதற்கு நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும்; பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தபின் அதை மீறியதாக முடிவானால் மேல்நடவடிக்கை உண்டு. நிலுவையில் உள்ள பழைய வழக்குகளின் வாய்தாக்களைத் தவறவிடாமல் ஆஜராகி, அவற்றை முடிவுக்குக் கொண்டுவருவதில் கவனம் செலுத்துங்கள். அடுத்த ஆணைக்கான அட்வர்ஸ் கேஸ் பட்டியலும், 111-ஆம் பிரிவுக்கான குற்றப்பத்திரிகைக் கணக்கும் அந்த வழக்குகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன.